கட்டில் வந்தது, சொன்ன மரம் வரவில்லை

நுகர்வோர் கேள்வி பதில்

இணையத்திலும் தொலைபேசியிலும் மரச்சாமான் வாங்கிவிட்டு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவிக்கும் வாசகர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. புடவையைத் திருப்பி அனுப்புவதுபோல் எண்பது கிலோ கட்டிலை மடித்துப் பைக்குள் போட்டுக் கொடுத்துவிட முடியாது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஓர் இணையக் கடையில் "ஷீஷம் மரக் கட்டில்" (ஷீஷம் என்பது ஒரு கடின மரம்) என்று போட்டிருந்ததைப் பார்த்து என் மகன் 38,500 ரூபாய்க்கு எங்களுக்கு வாங்கிக் கொடுத்தான். கடையின் ஆட்களே வந்து பூட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தலைமாட்டுப் பலகையில் ஒரு திருகு பிடிப்பில்லாமல் கழன்று வந்தது. அந்த ஓட்டையிலிருந்து பசையில் ஊறிய மரத்துகள்கள் உதிர்ந்தன. எங்கள் தெருத் தச்சர் பார்த்துவிட்டு, இது துகள்பலகை, மேலே காகிதக் கனத்துக்கு மரத்தோல் ஒட்டியிருக்கிறார்கள் என்கிறார். கடைக்காரர்களோ, திருப்பும் காலமான ஏழு நாள் முடிந்துவிட்டது, பூட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார்கள். எங்களுக்கு வழி உண்டா?
வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு அம்மா. பணம் கட்டியவர் மகன்தானே என்ற தயக்கமும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளை வாங்கியவரை மட்டுமல்லாமல், அவருடைய சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே ஏற்றுக்கொள்கிறது. இணையத்தில் வாங்குவதும் கடைக்குப் போய் வாங்குவதும் அந்தச் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

திருப்பிக் கொடுத்தல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு காரியங்கள். பொருள் சொன்னபடியே வந்திருக்கிறது, ஆனால் நமக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்று. பொருளே சொன்னபடி வரவில்லை என்பது மற்றொன்று. ஏழு நாள், பத்து நாள் என்று கடைகள் வைத்திருக்கும் காலக்கெடு முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். அது அவர்களாக மனமுவந்து கொடுக்கும் சலுகை. இரண்டாவது நம் உரிமை. இந்தச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன: பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மையும் அம்சங்களும் அதில் இல்லாவிட்டாலும், சொன்ன நாளைத் தாண்டித் தாமதமாக வந்தாலும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. "பூட்டிய பொருளுக்கு இது பொருந்தாது" என்ற விலக்கு அந்த விதியில் எங்கும் இல்லை. பூட்டியதும் அவர்களுடைய ஆட்கள்தானே? பூட்டிப் பயன்படுத்தினால் ஒழிய உள்ளே இருப்பது என்ன மரம் என்று தெரியாத ஒரு பொருளுக்கு, பூட்டியதையே காரணம் காட்டித் திரும்ப எடுக்க மறுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

கடைக்காரர் ஒரு வாதத்தைக் கையிலெடுப்பார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் 2(47) பிரிவு, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும், ரசீதில் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள் எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் ஏழு நாள் என்று அச்சிட்டிருக்கிறோமே என்று அவர் சொல்லலாம். அதே 2(47) பிரிவு, ஒரு பொருள் இன்ன தரத்தது, இன்னதால் ஆனது என்று பொய்யாகச் சொல்வதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. துகள்பலகையை ஷீஷம் என்று விற்றது பன்னிரண்டாம் நாள் தெரியவந்தாலும் இருநூறாம் நாள் தெரியவந்தாலும் பொய் பொய்தான். வழக்குத் தொடர உங்களுக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கட்டிலை வாங்கிய இணையப் பக்கத்தை இப்போதே திறந்து, "மூலப்பொருள்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல் சொல்லாகப் படியுங்கள். "சாலிட் ஷீஷம்" என்றால் முழு ஷீஷம் மரம். "ஷீஷம் வெனீர்" என்றால் மேல்தோல் மட்டும். "ஷீஷம் பினிஷ்" என்றால் அது மரத்தின் பெயரே அல்ல, நிறத்தின் பெயர். "இன்ஜினியர்டு வுட்" என்பது துகள்பலகை, எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் ஆகிய எல்லாவற்றையும் போர்த்தும் ஒரு பெரிய போர்வை. தலைப்பில் "ஷீஷம் மரக் கட்டில்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பத்து வரி கீழே சிறிய எழுத்தில் "இன்ஜினியர்டு வுட், ஷீஷம் பினிஷ்" என்று போட்டிருந்தாலும் உங்கள் வழக்கு போய்விடாது. தலைப்பு வாங்குபவரைத் திசைதிருப்பியது என்று வாதிடலாம். ஆனால் அது வேறு வகையான வாதம் என்பதால், எது எழுதப்பட்டிருந்தது என்பது உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போன மறுநாள் பக்கத்தின் வாசகம் மாறிவிட்டதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கட்டிலின் படங்கள். திருகு கழன்ற ஓட்டையை, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். உதிர்ந்த துகள்களை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி எடுங்கள். அவற்றைப் பெருக்கித் தள்ளிவிடாமல் ஓர் உறையில் போட்டுத் தேதியிட்டு வையுங்கள். தச்சர் வாயால் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். மரம் என்ன இனம் என்பதில் தகராறு முற்றினால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்கள் மர இனத்தை அடையாளம் கண்டு சொல்கின்றன. துகள்பலகைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஓட்டைக்குள் ரேகை ஓடுகிறதா, துகள் தெரிகிறதா என்பது கண்ணுக்கே புலப்படும்.

பிறகு எழுத்தில் புகார். தொலைபேசியில் பத்து முறை பேசியதற்கு எந்தச் சாட்சியும் இராது. ஒவ்வோர் இணைய வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தன் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். அவர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது விதி. அவருக்கு மின்னஞ்சலிலும், அதே வாசகத்தை விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் இன்ன ஆணை எண்ணின்கீழ் 38,500 ரூபாய் செலுத்தி உங்களிடம் வாங்கிய கட்டில், உங்கள் தளத்தில் ஷீஷம் மரம் என்று விவரிக்கப்பட்டிருந்தது. வந்திருப்பது மரத்தோல் ஒட்டிய துகள்பலகை. படங்களையும் தச்சரின் குறிப்பையும் இணைத்துள்ளேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததால் இந்தப் பொருளை நான் ஏற்க மறுக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் உங்கள் செலவில் கட்டிலை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்."

இதில் "ஏற்க மறுக்கிறேன்" என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த கேள்விக்கான பதிலில் வருகிறது.

கேள்வி: மூன்று கதவு அலமாரி ஒன்றை வரவழைத்தோம். ஒரு கதவு வளைந்து மூடவே மாட்டேன் என்கிறது. குறையை ஒப்புக்கொண்ட நிறுவனம், நாங்களே அலமாரியைப் பிரித்து, வந்த அட்டைப் பெட்டிகளிலேயே திரும்பக் கட்டி, அவர்களுடைய கிடங்குக்கு அனுப்பினால்தான் பணம் தருவோம் என்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்புவதானால் 3,200 ரூபாய் கழித்துக்கொள்வார்களாம். அட்டைப் பெட்டிகளை அன்றே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். என்ன செய்வது?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். இன்றும் நடைமுறையில் இருக்கும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அதன் 43ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், வாங்கியவர் தமக்கு உரிமை இருந்து ஒரு பொருளை ஏற்க மறுத்தால், அதை விற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை அவருக்கு இல்லை என்றும், ஏற்க மறுப்பதை விற்றவருக்குத் தெரிவித்துவிட்டாலே போதும் என்றும் சொல்கிறது. மோதிரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் பெரிதாகத் தெரியாத இந்தப் பிரிவு, மூன்றாம் மாடியில் நிற்கும் அலமாரிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். "ஏற்க மறுக்கிறேன்" என்று எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களானால், அதன் பிறகு அந்த அலமாரி உங்கள் வீட்டில் நிற்கும் அவர்களுடைய சரக்கு. அதை எடுத்துக்கொண்டு போவது அவர்களுடைய பாடு.

"வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, எங்கள் நிபந்தனைகளில் பெட்டி பற்றிப் போட்டிருக்கிறோமே என்று அவர்கள் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் திருப்பும் நிபந்தனைகளையும் வாங்கும் முன்பே தெளிவாகவும் எளிதில் காணும்படியும் சொல்ல வேண்டும் என்பது மின்வணிக விதிகள் விற்பவர்மீது சுமத்தியிருக்கும் கடமை. வாங்கிய பிறகு தொலைபேசியில் சொல்லும் 3,200 ரூபாய் அந்தக் கணக்கில் வராது. அப்படியே சொல்லியிருந்தாலும், தம்முடைய பொருளின் குறைக்கு வாங்கியவரிடம் அபராதம்போலப் பணம் பிடிப்பது, சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று பெயரிட்டிருக்கும் வகையில் வருகிறது என்று நீங்கள் வாதாடலாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்ற விதியில், பெட்டி இருந்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது.

இருந்தாலும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மரச்சாமான் வந்தால் அட்டைப் பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மோகோல் மூலைகளையும் ஒரு மாதமாவது பரணில் போட்டு வையுங்கள். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் யார், எந்த நாடு, எந்தத் தேதி என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் இருக்கும், பொருளில் இராது. டெலிவரி கொண்டுவந்தவர் காட்டும் திரையில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால், பிரித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அவர் அவசரப்படுத்தினால், "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், அல்லது அந்த நிமிடமே அந்த வாசகத்தைக் கடைக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஆறு அடி சோபா வாங்கினோம். பொருள் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் அடுக்ககத்தின் மின்தூக்கியிலும் நுழையவில்லை, படிக்கட்டிலும் திரும்பவில்லை. கீழே வாகன நிறுத்தத்தில் நிற்கிறது. லண்டனில் இருக்கும் என் தங்கை, அங்கே எந்தக் காரணமும் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பிவிடலாம், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். உண்மையா?
வாசகி, சென்னை

பதில்: உங்கள் தங்கை சொல்வது அங்கே உண்மை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும், கடைக்குப் போகாமல் தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் வேண்டாம் என்று அறிவிக்கச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. நம் அளவுக்கென்றே செய்வித்த பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு அங்கேயும் அது இல்லை. இந்தியாவில் இணையத்தில் வாங்கும் பொருளுக்கு அப்படியொரு பொதுவான உரிமையை நம் சட்டம் இன்னும் தரவில்லை. இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். தொட்டுப் பார்க்காமல், உட்கார்ந்து பார்க்காமல் வாங்கும் சோபாவுக்கு அந்த அவகாசம் மற்றப் பொருள்களைவிடக் கூடுதலாகவே தேவை.

ஆகவே உங்கள் நிலையில் கடையின் திருப்பும் நிபந்தனையே ஆதாரம். அதில் கழிவு பிடிப்போம் என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால், அந்தக் கழிவை ஏற்க வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். தளத்தில் கொடுத்த நீள அகல உயரங்களை நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். தளத்தில் 72 அங்குலம் என்று போட்டுவிட்டு வந்தது 78 அங்குலமாக இருந்தால், பொருள் சொன்னபடி வரவில்லை என்ற வகைக்கு உங்கள் வழக்கு மாறிவிடும். அப்போது திருநெல்வேலி வாசகிக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். அளவு சரியாக இருந்தால், காலக்கெடு முடிவதற்குள் இன்றே எழுதிவிடுங்கள். சோபா மழையில் நனையாமல் மூடி வையுங்கள், ஏனென்றால் இந்த வகையில் பொருளின் நிலைக்கு நீங்களே பொறுப்பு.

கேள்வி: மாமரத்தில் செய்த சாப்பாட்டு மேசையை இணையத்தில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஓராண்டு உத்தரவாதம் உண்டு. ஒரு மாதமாகக் காலையில் மேசைக் காலடியில் சலித்த மைதா மாவைப்போல் ஒரு பொடி கொட்டிக் கிடக்கிறது. நிறுவனம், உங்கள் வீட்டில் கறையான் இருக்கிறது, அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று எழுதிவிட்டது.
வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்தைப் பார்த்தால் அது கறையானாகத் தெரியவில்லை. கறையான் மண்ணால் குழாய்போல் பாதை கட்டிக்கொண்டு வரும், மரத்துக்குள்ளும் மண் பூச்சு தெரியும். மாவுபோல் பொடி உதிர்ப்பது மரத்தைத் துளைக்கும் வண்டு. மேசையின் அடிப்பக்கத்தை விளக்கடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வட்டமான துளைகள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. நம் பாட்டிமார் "மரம் உளுத்துப்போச்சு" என்று சொன்னது இதைத்தான். இந்த வண்டின் புழு மரத்துக்குள் பல மாதங்கள் இருந்து அரித்த பிறகே வளர்ந்த வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே எட்டாம் மாதம் தெரியவந்த துளையின் மூலம், மரத்தைச் சரியாகப் பதப்படுத்தாமல் விற்ற இடத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

தரையைப் பெருக்கும் முன், பொடி கொட்டிக் கிடக்கும் நிலையிலேயே தேதி தெரியும்படி மூன்று நாள் தொடர்ந்து படமெடுங்கள். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர் ஒருவரை அழைத்து, இது கறையான் அல்ல, வண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டின் மற்ற மரச்சாமான்களில் பாதிப்பில்லை என்பதையும் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். மருந்தடிப்பதை இந்தக் குறிப்பு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள், வண்டு அடுத்த நாற்காலிக்கும் போகும். இவற்றை இணைத்து உத்தரவாதக் காலம் முடிவதற்குள் நிறுவனத்துக்கு எழுதுங்கள். உத்தரவாதச் சீட்டில் "பூச்சி அரிப்புக்குப் பொருந்தாது" என்று இருந்தாலும் தளர வேண்டாம். விற்கும்போதே மரத்துக்குள் இருந்த குறை, பொருளின் குறைபாடு.

கேள்வி: சமூக ஊடகத்தில் படம் பார்த்து, பித்தளைச் சங்கிலியோடு தேக்கு ஊஞ்சல் செய்து தரச் சொல்லி வெளி மாநிலத்தவர் ஒருவருக்கு 25,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். நாற்பது நாளில் தருவதாகச் சொன்னார். நான்கு மாதம் ஆகிறது. கேட்டால், ஆணையின்பேரில் செய்வதற்கு முன்பணம் திரும்பாது என்கிறார். ரசீதும் தரவில்லை.
வாசகி, காரைக்குடி

பதில்: வியாபாரமாகத் தொடர்ந்து விற்பவர் என்றால், சொந்தத் தளம் இல்லாவிட்டாலும், அவரும் விற்பனையாளரே. ரசீது தராததே தனியாக ஒரு நியாயமற்ற வணிக நடைமுறை. ஆணையின்பேரில் செய்வது என்பதால், சொன்னபடியே வந்த ஊஞ்சலை வேண்டாம் என்று சொல்வது உங்களுக்குக் கடினமாக இருந்திருக்கும். ஆனால் சொன்ன நாளில் தராதது அவருடைய தவறு. வெள்ளம், ஊரடங்கு போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்ததாக அவர் காட்டினால் ஒழிய, பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது. நாற்பது நாள் என்று அவர் சொன்ன செய்தி, நீங்கள் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அவர் அனுப்பிய படம் ஆகிய மூன்றுமே உங்களுக்கு ரசீது. அவருடைய அஞ்சல் முகவரியை இப்போதே கேட்டு வாங்குங்கள். நாளை அறிவிப்பு அனுப்ப முகவரி இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் கைகொடுக்காது. அடுத்த முறை முன்பணம் அனுப்பும் முன்பே அதைக் கேளுங்கள் என்று எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சோபாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பணமும் திருப்பிவிட்டோம் என்கிறார்கள். ஆனால் வட்டியில்லாத் தவணை மட்டும் மாதாமாதம் வங்கியில் பிடிபடுகிறது.
வாசகர், சேலம்

பதில்: கடை பணத்தைத் திருப்பினாலும் உங்கள் தவணைக் கடன் தானாக முடிந்துவிடுவதில்லை, அது வங்கியோடு நீங்கள் செய்துகொண்ட தனி ஒப்பந்தம். திருப்பிய தொகையைக் காட்டித் தவணையை முடித்துக்கொள்ளும்படி வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பிடித்த செயல்முறைக் கட்டணமும், வட்டியில்லை என்று சொன்னாலும் வங்கி கணக்கிடும் வட்டிமீதான வரியும் பெரும்பாலும் வங்கியிடமிருந்து திரும்புவதில்லை. பொருளின் குறையால் திருப்பியிருந்தால், அந்த இழப்பைக் கடையிடம் கேட்கலாம்.

கேள்வி: வீட்டோடு சேர்த்து நான் நடத்தும் சிறிய தனிப்பயிற்சி வகுப்புக்காக இருபது நாற்காலிகளை இணையத்தில் வாங்கினேன். பாதி ஆடுகின்றன. வணிகத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்கிறார்கள்.
வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியதைச் சட்டம் வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. உங்களுக்கும் உரிமை உண்டு. உங்கள் குடும்பம் இந்த வருமானத்தில் வாழ்கிறது என்பதைப் புகாரில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: நிறுவனத்தின் நிபந்தனைகளில் "எல்லா வழக்குகளும் பெங்களூரு எல்லைக்குட்பட்டவை, நடுவர் தீர்ப்புக்கே விடப்படும்" என்றிருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டிலுக்காக நான் பெங்களூருக்கு அலைய முடியுமா? வழக்குச் செலவு எவ்வளவு ஆகும்?
வாசகர், நாகர்கோவில்

பதில்: அலைய வேண்டாம். 2019 சட்டம் தந்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று, வாங்கியவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள் உங்கள் ஊருக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். நடுவர் தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பது, என்ற நிபந்தனை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியிருக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் பேசலாம். அவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை, ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அந்த நிலையிலேயே இறங்கி வரும் நிறுவனங்கள் உண்டு. வராவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் புகார்க் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம், வீடியோ வழியே விசாரிக்கும்படியும் விண்ணப்பிக்கலாம். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரைதான் நீட்டிக்க முடியும் என்பதை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. ஆய்வகச் சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்துக்குள்ளும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகிறது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. விற்றவரையும், அவர் ஒரு சந்தைத் தளத்தின் வழியாக விற்றிருந்தால் அந்தத் தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். "நாங்கள் இடம் மட்டும் கொடுத்தோம்" என்று தளம் சொல்லலாம், ஆனால் விற்றவரின் பெயரையும் முகவரியையும் உங்களுக்குத் தெரிவிக்கும் கடமை அதற்கு இருக்கிறது.

புகாரில் பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தானாகத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உத்தரவு வந்த பிறகும் நிறுவனம் பணியாவிட்டால், ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கேள்வி: ஐயா, இன்னொன்று. புகார் எழுதியாயிற்று. என் கணவருக்கு முதுகுவலி, தரையில் படுக்க முடியாது. வழக்கு முடியும்வரை அந்தக் கட்டிலில் அவர் படுத்துக்கொள்ளலாமா? படுத்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடுமா?
அதே வாசகி, திருநெல்வேலி

பதில்: நல்ல கேள்வி அம்மா, பலருக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. ஏற்க மறுப்பதாக எழுதிவிட்டுப் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தினால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைக்கும். இரவல் கட்டில் ஏதாவது கிடைக்குமானால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்: "என் கணவரின் உடல்நிலை காரணமாக வேறு வழியின்றி, நீங்கள் எடுத்துச் செல்லும்வரை மட்டும், என் மறுப்பைக் கைவிடாமல் இந்தக் கட்டிலைப் பயன்படுத்துகிறோம். எந்த நாளிலும் எடுத்துச் செல்லலாம்." மருத்துவர் சீட்டின் நகலை அதோடு வையுங்கள். படுக்கும் முன் கட்டிலை நான்கு பக்கமும் படமெடுத்துவிடுங்கள். திருகு கழன்ற தலைமாட்டைத் தச்சரைக் கொண்டு ஒட்டவோ வேறு இடத்தில் துளையிடவோ வேண்டாம், அந்த ஓட்டைதான் உங்கள் முதல் சாட்சி. பாதுகாப்புக்காகத் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கழன்ற திருகை அந்தத் துகள் உறையிலேயே போட்டு வையுங்கள்.